பாதியில் நிறுத்திய படுகளம்

சோமனூர்ச் சந்தைத் திடலில் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இரைந்துகொண்டிருந்தன. மேடை என்பது பெயருக்குத்தான். இரண்டு கட்டை வண்டிகளைச் சேர்த்து நிறுத்தி மேலே பலகை போட்டிருந்தார்கள். அதில் நின்றுகொண்டு பிளேட்டு அங்கப்பன் உடுக்கையை ஓர் உலுக்கு உலுக்கினான். கைக்குழந்தைகளின் அழுகைகூட நின்றுபோனது.

“சாஞ்சாரே பெரியவரு சந்தன மேடு விட்டு… கூடவே சாஞ்சாரே குலம் காத்த சின்னவரு…”

குரல் உச்சிக்குப் போயிற்று. அங்கேயே ஒரு கணம் நடுங்கி நின்றது. பிறகு கத்தியால் வெட்டினாற்போல அறுந்தது. உடுக்கையும் ஓய்ந்தது.

அங்கப்பன் கைகூப்பினான்.

“அண்ணன் தம்பி ரெண்டு பேரும் படுகளத்துல கெடக்கறாங்க, மகாஜனங்களே! தங்கச்சி தண்ணிச் செம்போட வாரா. செத்தவிய எந்திரிச்சாங்களா, இல்லையா? நான் தேர்தல்ல ஜெயிச்சு வந்து இதே எடத்துல நின்னு எழுப்பறேன். நீலப் பெட்டியை மறந்துபோடாதீங்க!”

கூட்டம் ‘ஐயோ’ என்று முனகியது. “அட, முடிச்சுப்போட்டுப் போங்க சாமி!” என்று ஒரு கிழவர் கத்தினார். அங்கப்பன் சிரித்தபடி வண்டியிலிருந்து குதித்தான். குதித்தவன் நிமிர்ந்தபோதுதான் அவளைப் பார்த்தான்.

வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் இடத்தில் ஒரு பெண் நின்றாள். முக்காடு மூக்கு வரை இறங்கியிருந்தது. இடுப்பில் ஒரு பித்தளைச் செம்பு. செம்பின் வாயில் வேப்பிலை. அவள் கத்தவில்லை, கூட்டத்தோடு நெருங்கி வரவுமில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அங்கப்பனுக்கு முதுகுத்தண்டில் யாரோ ஈரக் கையை வைத்தது போலிருந்தது. ஏன் என்று அவனுக்கு மட்டும் தெரியும்.

கொங்கு நாட்டில் அந்த அண்ணன் தம்பி கதை தெரியாத குடியானவன் கிடையாது. கோயில் நோன்பில் பாட்டுக்காரன் உடுக்கை அடித்து அதைப் பாடுவான். களத்தில் வீரர்கள் விழும் இடம் வந்ததும், வழிவழியாக நேர்ந்துகொண்ட குடும்பத்து ஆண்கள் தாங்களும் கட்டையாக விழுவார்கள். கிள்ளினால் தெரியாது; சூடு வைத்தால் தெரியாது. வெள்ளை வேட்டியால் போர்த்திக் கிடத்துவார்கள். அதுதான் படுகளம். அப்புறம் ஒரு பெண் தண்ணீர் கொண்டுவர, பாட்டுக்காரன் எழுப்புகிற பாட்டைப் பாடுவான். தண்ணீர் முகத்தில் பட்டதும் விழுந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல வெற்றிலை கேட்பார்கள்.

இதில் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. விழவைத்த குரல்தான் எழுப்ப வேண்டும். எழுப்பும் தண்ணீரைச் சுமக்கிறவள், அதைத் தெளிக்கும் வரை செம்பைத் தரையில் வைக்கக் கூடாது. வாயும் திறக்கக் கூடாது.

அதனால்தான் அவள் பேசவில்லை என்று அங்கப்பனுக்குத் தோன்றியது. ‘பாட்டிலிருந்து தங்கச்சியே எழுந்து வந்துவிட்டாள். அண்ணன்மார் இருவரையும் நான் கிடத்திவிட்டு வந்திருக்கிறேன், கேட்க வந்திருக்கிறாள்.’

மறுபடி பார்த்தான். அந்த இடத்தில் யாரும் இல்லை.

“ஏனுங்க, பேயடிச்ச மாதிரி நிக்கறீங்க? வண்டியில ஏறுங்க!” என்று இழுத்தான் சீனிவாசலு.

சீனிவாசலு ஒரு வக்கீல் குமாஸ்தா. இந்தத் தேர்தலுக்கு அங்கப்பனின் ஏஜெண்டு. சட்டம் தெரியும், சட்டத்தில் எங்கே சந்து இருக்கிறது என்பது அதைவிட நன்றாகத் தெரியும். பாட்டைப் பாதியில் நிறுத்தும் யோசனை அவனுடையதுதான்.

வாடகை ஃபோர்டு காரை ஓட்டியவன் கோட்டைமேட்டு யாகூப். வண்டி மண் ரோட்டில் குலுங்கியது.

“ஜனங்க பதறுனதைப் பாத்தீங்களா? அதுதானுங்க சூட்சுமம்” என்றான் சீனிவாசலு. “வாரப் பத்திரிகைக்காரன் என்ன பண்றான்? தொடர்கதையில கத்தி கழுத்துக்கிட்ட வர்றப்ப நிறுத்திப்போடறான். அடுத்த வாரம் கடை தொறக்கறதுக்கு முந்தியே சனம் வந்து நிக்குது. நமக்கும் அதேதான்.”

“அன்னூர்ப் பக்கம் எவனோ விழுந்துட்டான்னு சொன்னாங்களே, சீனிவாசலு?”

“விழுந்தா விழறான். முகத்துல சோடா அடிச்சா எந்திரிக்கறான்.”

“எந்திரிச்சானா?”

“எந்திரிக்காம? நோட்டீஸ்லயே போட்டுட்டேன். ‘அங்கப்பனாரின் கானம் கேட்டு வாலிபர்கள் மூர்ச்சித்து வீழ்ந்தனர்!’ எப்படி?”

யாகூப் திரும்பாமலே சொன்னான்: “சோடாவுக்கு எந்திரிக்கற ஆளு, பாட்டுக்கு ஏனுங்ணா விழப்போறான்?”

“நீ ரோட்டைப் பாத்து ஓட்டு மாப்ளே!”

விழுந்தவன் எழுந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வது அங்கப்பனுக்கு வசதியாக இருந்தது.

வசதி எதற்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். சின்ன வயதில் அந்தியூர்க் குதிரைச் சந்தையில் தரையில் உட்கார்ந்து உடுக்கை அடித்தவன் அவன். நாடகக் கம்பெனி அவனை ராஜாவாக்கியது. மதராஸுக்குப் போய்ப் பாடிக் கொடுத்த கிராமபோன் பிளேட்டுகள் அவனைப் பிளேட்டு அங்கப்பன் ஆக்கின. புதிதாக மனை பிரித்த ஆர்.எஸ்.புரத்தில் வீடு கட்டினான். வரி கட்டினான். அந்நாளில் வரி கட்டினவனுக்குத்தான் ஓட்டு என்பதால் ஓட்டு வந்தது; தேர்தலில் நிற்கிற யோக்கியதையும் வந்தது.

இத்தனைக்கும் பிறகு செங்கோட்டையன் வீட்டுக் கல்யாணம் ஒன்று நடந்தது. செங்கோட்டையன் அந்தப் பக்கத்தில் பெரிய பண்ணையக்காரர். அங்கப்பன் அங்கே விடிய விடியப் பாடிவிட்டு, காலையில் பந்தலில் காலியாக இருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தான். செங்கோட்டையன் கோபப்படவில்லை. வெகு மரியாதையாகச் சொன்னார்: “பாட்டுக்காரருக்கு ஒரு பாய் போடுங்கப்பா. அந்த நாற்காலிக்கு ஆளு வருது.”

இந்த முப்பத்தேழாம் வருசத் தேர்தலில் செங்கோட்டையன் சட்டசபைக்கு நிற்கிறார் என்று கேள்விப்பட்ட அன்றே அங்கப்பனும் மனுப் போட்டான். மதராஸில் அவனுக்கு ஒரு நாற்காலி வேண்டும். அவ்வளவுதான் அவன் அரசியல்.

அடுத்தடுத்த கூட்டங்களிலும் அவள் வந்தாள்.

ஒரு ஊரில் மாரியம்மன் கோயில் மதிலோரம் நின்றாள். இன்னொரு ஊரில் பருத்தி மூட்டைகளுக்கு நடுவே. எங்கே போனாலும் அதே முக்காடு, அதே செம்பு, அதே வேப்பிலை. அங்கப்பன் பாட்டை அறுக்கும் அந்தக் கணத்தில் மட்டும் ஓர் அடி முன்னால் வருவாள். தொண்டர்கள் “தள்ளு, தள்ளு, ஓட்டில்லாத கூட்டம்” என்று விரட்டுவார்கள். ஒரு சொல் பேசாமல் இருட்டுக்குள் போய்விடுவாள்.

‘இன்றைக்கு எழுப்பிப் பாடிவிடலாம்’ என்று ஒவ்வொரு மேடையிலும் ஏறும்போது நினைப்பான். எதிரே கூட்டம் கடலாகக் கிடக்கும். கைதட்டல் காதை அடைக்கும். நாற்காலி ஞாபகம் வரும். அறுத்துவிட்டு இறங்குவான்.

வீட்டில் மனைவி செம்பில் தண்ணீர் கொடுத்தால் டம்ளரில் கேட்டான். வாசல் வேம்பில் காற்று அடித்தால் சன்னலைச் சாத்தச் சொன்னான். தன்னுடைய பிளேட்டை யாரோ பக்கத்து வீட்டில் வைத்தபோது, சுவர் ஏறிக் குதித்துப் போய் நிறுத்தச் சொன்னான். அந்த வீட்டுக்காரர் பாவம், வேட்பாளர் ஓட்டுக் கேட்க வந்திருக்கிறார் என்று காபி கொண்டுவரச் சொன்னார்.

ஓட்டுப் போடுகிற நாள் வந்தது.

கருமத்தம்பட்டிப் பள்ளிக்கூடத்தின் முன்னால் காலையிலேயே வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறப் பெட்டி. எழுத்துத் தெரியாதவனும் நிறம் பார்த்துச் சீட்டைப் போடலாம். அங்கப்பனுக்கு நீலம், செங்கோட்டையனுக்குச் சிவப்பு. செங்கோட்டையன் ஜனங்களை ஏற்றி வர பஸ்ஸே விட்டிருந்தார். சிவப்புத் துணி கட்டிய பஸ்.

அங்கப்பன் ஜிப்பாவும் அங்கவஸ்திரமுமாக வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தான். தொண்டை கட்டியிருந்தது. சாடை மட்டும்தான் பேச்சு.

சிவப்பு பஸ்ஸிலிருந்தே ஒரு கூட்டம் இறங்கியது. எல்லாம் குடியானவர்கள். எழவு வீட்டுக்குப் போகிறவர்கள் போன்ற முகங்கள். உள்ளே போய்விட்டு வந்தார்கள். முன்னால் வந்த பெரியவர் அங்கப்பனுக்கு எதிரே நின்று, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“நீலத்துலயே போட்டோமுங்க. ஆத்தா மேல சத்தியமா நீலந்தானுங்க. இனி உங்க இஷ்டம்.”

“ரொம்ப சந்தோசமுங்க” என்றான் அங்கப்பன், கம்மிய குரலில்.

பெரியவர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். சந்தோசப்பட்ட ஆளைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. காட்டில் பாம்பைக் கண்டால் அசையாமல் நின்று பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

“இவிய செங்கோட்டையன் தோட்டத்தை வாரத்துக்கு உழுகறவங்க! இவியளே நம்ம பக்கம்!” என்று சீனிவாசலு கையைத் தேய்த்துக்கொண்டான். “எழுதி வெச்சுக்குங்க, நாற்காலி நம்முது!”

அப்போது அங்கப்பன் எதிர்ப்பக்கம் பார்த்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில், பட்டப்பகலில், அவள் நின்றாள்.

முக்காடு. செம்பு. வேப்பிலை வாடிக் கறுத்திருந்தது.

அங்கப்பன் காருக்குப் பின்னால் ஒதுங்கினான். யாகூப் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“யாகூப்… அந்தப் புளியமரத்துல… உனக்கு ஏதாச்சும் தெரியுதா?”

“பொம்பளைங்ணா. நேத்துக் கூட்டத்துலயும் இப்படி ஒருத்தங்க நின்னாங்க.”

“உன் கண்ணுக்கும் தெரியுதா!”

“அதென்ன கேள்விங்க? உங்களுக்குத் தெரிஞ்சா எனக்குத் தெரியாதா?”

“அது மனுசி இல்லடா. ஊர் ஊரா என் பின்னாடியே வருது. பேசறதில்லை. பாட்டுல இருந்து…”

யாகூப் தகரக் குவளையைக் கீழே வைத்தான். புளியமரத்தை உற்றுப் பார்த்தான்.

“அண்ணா, எனக்கு உங்க பாட்டு தெரியாது. ஆனா அந்தம்மா காலைப் பாருங்க. முந்தானையைக் கிழிச்சுக் கட்டியிருக்காங்க. துணி செவந்து கெடக்குது. பேய்க்குக் கால் கொப்பளிக்குமாங்ணா?”

அங்கப்பன் பார்த்தான். அதுவரை அவன் அவளுடைய செம்பை மட்டுமே பார்த்திருந்தான்.

ரோட்டைக் கடந்தான். சீனிவாசலு பின்னால் கத்தியது காதில் விழவில்லை. கிட்டே போனதும் தெரிந்தது. இருபது வயதுகூட இருக்காது. உதடு வெடித்திருந்தது. செம்பைப் பிடித்த கை மரத்துப்போய் வீங்கியிருந்தது. இன்னொரு கையால் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மணி… உங்க ஊட்டுல யாராச்சும் விழுந்துட்டாங்களா?”

அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். கண்ணிலிருந்து நீர் இறங்கியது. வாய் திறக்கவில்லை.

“எந்திரிக்கலையா?”

இல்லை என்று அசைத்தாள்.

அங்கப்பன் கார்க் கதவைத் திறந்துவிட்டான். சீனிவாசலு ஓடி வந்து அதைப் பிடித்துக்கொண்டான்.

“என்ன பண்றீங்க! ஓட்டு விழுந்துக்கிட்டிருக்குது! சாயங்காலம் பெட்டி மூடட்டும், ஊர் ஊராப் போயி எழுப்புங்க. நானே கூட வாரேன்!”

“ஊர் ஊராவா?” அங்கப்பன் அவனை நேராகப் பார்த்தான். “சோடாவுக்கு எந்திரிச்சான்னு சொன்னியே?”

சீனிவாசலு பார்வையைத் திருப்பிக்கொண்டான். அங்கப்பன் அவன் கையைக் கதவிலிருந்து எடுத்துவிட்டான். வண்டி கிளம்பியது.

அவள் பின் சீட்டில் செம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் செம்பைக் காற்றில் தூக்கிக்கொண்டாள். பாதை பிரியும் இடங்களில் தாடையால் வழி காட்டினாள். சோளத்தட்டுப் போர்களையும் கமலைக் கிணறுகளையும் தாண்டி, அவிநாசி ரோட்டைக் குறுக்கே வெட்டி, வேலாங்காட்டுப்பாளையம் என்கிற ஊருக்குள் கார் நுழைந்தது.

அங்கப்பனுக்கு அந்த ஊர் ஞாபகம் வந்தது. போன வெள்ளிக்கிழமைக் கூட்டம். நல்ல கைதட்டல்.

ஓடு வேய்ந்த ஒரு வீட்டு வாசலில் பந்தல். பக்கத்தில் காளை பூட்டி இரண்டு வண்டிகள் நின்றன. ஊர் ஆண்கள் தலைப்பாகையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, சிவப்புத் துணி கட்டிய பஸ் ஒன்று ஏற ஆளில்லாமல் நின்றது. அங்கப்பனைக் கண்டதும் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள், ஒருவரும் கும்பிடவில்லை.

நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள். மாரியாத்தாள். விழுந்தவனுடைய தாய்.

“வாங்க. ஓட்டு எண்றதுக்கு முந்தியே வந்துட்டீங்க. எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா? வண்டி கட்டியாச்சு, பாருங்க. ஒரு ஓட்டுத் தப்பாது. அத்தனையும் நீலந்தான். போட்டுப்போட்டு வந்ததுக்கப்புறமாச்சும் எம் பையனைக் குடுத்துருங்க.”

“நான் எதுக்குங்கம்மா உங்க பையனை…”

“நீங்கதானுங்களே சொன்னீங்க! ஜெயிச்சு வந்துதான் எழுப்புவேன்னு. இந்த ஊரே கேட்டுது. எம் பெரியவன் அவிநாசியில நீங்க மேடையில இருக்கறப்ப உங்க காரைப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சுனதுக்கு உங்க ஏஜெண்டு என்னங்க சொன்னாரு? ‘ஓட்டைப் போடுங்க, தானா எந்திரிப்பான்’னு சொன்னாரு.”

கருமத்தம்பட்டிப் பெரியவரின் பார்வை இப்போது அங்கப்பனுக்கு விளங்கியது. ‘இனி உங்க இஷ்டம்.’ அவன் பாட்டை நிறுத்தியதாக நினைத்துக்கொண்டிருந்தான். அவர்களோ, பிள்ளையைப் பிணை பிடித்திருக்கிறான் என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

பந்தலுக்குள் கயிற்றுக் கட்டிலில் மாரியாத்தாளின் மகன் பாலுசாமி கிடந்தான். கழுத்து வரை வெள்ளை வேட்டி. கண் பாதி திறந்திருந்தது. கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து உதட்டில் பிழிந்து பிழிந்து உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமபோன். அதன்மேல் அங்கப்பனின் பிளேட்டு.

“அவிநாசியில இருந்து எரவல் வாங்கியாந்தோமுங்க” என்றாள் மாரியாத்தாள். “எழுப்பற பாட்டுல ரெண்டடி பிளேட்டுல இருக்குதுன்னாங்க. வெச்சோம். உங்க குரல் வந்துது. எம் பையன் சுண்டுவிரல் அசைஞ்சுதுங்க. முள்ளு ஓடி முடிஞ்சுது, விரலும் நின்னுபோச்சு. திரும்பத் திரும்ப வெச்சோம். முள்ளுதான் மழுங்குச்சு.”

அங்கப்பன் வாசலைப் பார்த்தான். பூட்டிய வண்டிகள். கிளம்பத் தயாராக நிற்கிற ஓட்டுகள். எழுப்புகிற பாட்டு பாடி முடிக்க நேரமாகும். ஆட்களை முதலில் அனுப்பிவிட்டு அப்புறம் பாடினால் என்ன? பாலுசாமி இத்தனை நாள் கிடந்தவன். இன்னும் ஒரு ஜாமம் கிடக்க மாட்டானா?

அப்படி ஒரு நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். அந்த நினைப்போடு திரும்பியவன், செம்போடு நின்ற பெண்ணின் கையைப் பார்த்தான். அது காற்றில் இலை போல ஆடிக்கொண்டிருந்தது. செம்பு மட்டும் ஆடவில்லை.

“காளையை அவுத்துப்போடுங்க” என்றான். “யாரும் எங்கயும் போக வேண்டாம். பாட்டு முடியட்டும்.”

யாகூப் காரிலிருந்து உடுக்கையைக் கொண்டுவந்து கொடுத்தான்.

குரல் எழவில்லை. ஊர் ஊராகக் கத்திய தொண்டை. முதல் அடி காற்றாக வந்தது. இரண்டாவது அடி கரகரத்தது. பிளேட்டில் தேனாக வழிகிற குரலா இது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அங்கப்பன் கண்ணை மூடிக்கொண்டு உடுக்கையை அடித்தான். தங்கச்சி காடு மேடெல்லாம் தேடி வருவதைப் பாடினான். அவள் கால் கொப்பளித்ததை இன்றைக்குத்தான் பாட்டில் சேர்த்தான். அண்ணன்மாரைக் கண்டதைப் பாடினான். “எந்திரி சாமி” என்றான்.

அந்தப் பெண் வேப்பிலையைத் தோய்த்துத் தெளித்தாள்.

பாலுசாமி அசையவில்லை.

மறுபடி பாடினான். மறுபடி தெளித்தாள். விரல் ஒன்று அசைந்து நின்றது. மாரியாத்தாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

எழுப்புகிற பாட்டில் கடைசியாக ஓர் அடி உண்டு. ‘என் வாக்குப் பொய்யில்லை, எழுந்திரு’ என்று பாட்டுக்காரன் உடுக்கையை நெற்றியில் வைத்துச் சத்தியம் செய்கிற அடி. அங்கப்பன் அதைக் கோயிலில் ஆயிரம் தடவை பாடியிருக்கிறான். இப்போது அந்த இடம் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. இதே ஊரில், இதே நாக்கால், ‘ஜெயிச்சு வந்துதான்’ என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். அந்த வாக்கு நிற்கும்போது இது எப்படி மெய்யாகும்?

உடுக்கையை நெற்றியில் வைத்தான்.

“சாமிகளா! ஜெயிச்சாத்தான் எழுப்புவேன்னு சொன்ன வாக்கை இந்த எடத்துலயே அறுத்துப்போட்டேன். எனக்கு ஓட்டு வேண்டாம். நாற்காலி வேண்டாம். யாருக்கு வேணும்னாலும் போடுங்க. இந்தப் பையன் எந்திரிச்சாப் போதும். இது பொய்யினா, இந்தத் தொண்டை இதோட போகட்டும்.”

அந்த அடியைப் பாடினான். குரல் உடைந்து, உடைந்த இடத்திலிருந்து வேறு ஏதோ ஒன்று மேலே ஏறியது. அந்தப் பெண் மிச்சத் தண்ணீர் முழுவதையும் முகத்தில் ஊற்றினாள்.

பாலுசாமி எழுந்து உட்கார்ந்தான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கப்பனைப் பார்த்தான். கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பவன் போல, கொஞ்சம் எரிச்சலோடு கேட்டான்:

“அட, ஏனுங்க நிறுத்திட்டீங்க? பாடுங்க.”

அவனுக்கு அது இன்னும் வெள்ளிக்கிழமைதான்.

அழுகையும் குலவையும் அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் ஊர் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். சிவப்பு பஸ்ஸின் படியில் ஏறினார். அப்புறம் இன்னொருவர். பூட்டு அவிழ்த்த வண்டிப் பக்கம் யாரும் போகவில்லை. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கருமத்தம்பட்டிக்குப் புறப்பட்டது.

“கோவிச்சுக்காதீங்க” என்றாள் மாரியாத்தாள். “ரோசக்கார ஊருங்க இது. மோர் குடிக்கறீங்களா?”

திண்ணையில் சாய்த்திருந்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். அங்கப்பன் அதைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே மோரைக் குடித்தான்.

செம்பு சுமந்த பெண் கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாலுசாமியின் மனைவி, நாச்சியம்மாள் என்று பெயர். செம்பு பக்கத்தில் தரையில் காலியாகக் கிடந்தது. ஒரு சொம்பு மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு முதன்முதலாகப் பேசினாள். குரல் சாதாரணமாக இருந்தது, எந்த வீட்டிலும் கேட்கிற குரல்.

“ரொம்பப் புண்ணியமுங்க. உங்களைப் புடிக்க முடியாமப் போயிருமோன்னு இருந்தேன்.”

“என்னை மன்னிச்சுருங்க அம்மணி. சோமனூர்ல உங்களைப் பாத்த அன்னிக்கே கேட்டிருக்கோணும். பேயின்னு பயந்துபோட்டேன்.”

நாச்சியம்மாள் முழித்தாள்.

“சோமனூரா? நான் சோமனூருக்கு வரலைங்களே.”

“நின்னீங்களே… சந்தைத் திடல்ல. அப்புறம் மாரியம்மன் கோயில் மதிலோரம். பருத்தி மூட்டைகிட்ட…”

“இல்லீங்க. பிளேட்டுக்கு எந்திரிக்கலைன்னதும் முந்தாநேத்துத்தான் ஊட்டை உட்டுக் கிளம்புனேன். அவிநாசிக்குப் போனேன், நீங்க போயிட்டீங்கன்னு பேசிக்கிட்டாங்க. அங்கிருந்து கருமத்தம்பட்டி. வேற எங்கயும் நான் வரலை.” கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “வழியில ஒரு அக்காளைப் பாத்தேனுங்க. அவங்க இடுப்புலயும் செம்பு இருந்துது. ரெண்டு பேருமே பேசக் கூடாதில்லீங்களா. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டுப் போயிட்டோம்.”

அங்கப்பன் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தான்.

மதிலோரம் ஒருத்தி, பருத்தி மூட்டைகளுக்கு நடுவே ஒருத்தி, சந்தைத் திடலில் ஒருத்தி. ஒரு முகத்தையும் அவன் பார்க்கவில்லை. செம்பை மட்டும் பார்த்தான். எல்லோரையும் ஒருத்தியாக்கி, அந்த ஒருத்தியையும் பேயாக்கி, நிம்மதியாக அடுத்த ஊருக்குப் போயிருக்கிறான்.

சூரியன் உச்சியிலிருந்து சாய்ந்திருந்தது. பெட்டி மூட இன்னும் நேரம் இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் வண்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். நீலம், நீலம் என்று பயந்து பயந்து போட்டுக்கொண்டிருப்பார்கள். அத்தனையும் அவனுடைய ஓட்டு.

உடுக்கையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினான். யாகூப் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பினான். உள்ளே வந்து உட்கார்ந்தான்.

“எந்த ஊருங்ணா மொதல்ல?”

அங்கப்பனுக்கு எந்த ஊர் என்று சொல்லத் தெரியவில்லை. பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கைதட்டல்தான் ஞாபகம் இருந்தது.

அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊர் எல்லை தாண்டி அவிநாசி ரோட்டில் ஏறும் இடத்தில் யாகூப் பிரேக்கை மிதித்தான்.

மைல்கல்லுக்குப் பக்கத்தில், வெயிலில், ஒரு பெண் நின்றாள். முக்காடு, செம்பு, வேப்பிலை. ஆனால் இவள் நாச்சியம்மாள் அல்ல. வயதானவள். நெற்றியில் பச்சை குத்தியிருந்தது. இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. அங்கப்பன் இந்தத் தடவை முகத்தைப் பார்த்தான்.

இறங்கிப் போய்ப் பின் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஒன்றும் பேசவில்லை. ஏறி உட்கார்ந்து, செம்பை மடியில் வைத்துக்கொண்டு, தாடையால் இடது பக்கம் காட்டினாள்.